சாலைக் காருக்கு எந்த எல்.எஸ்.டி.?

வேகத்துக்காக வாங்கி, ஆனால் அன்றாடம் சாலையில் ஓட்டவேண்டிய காருக்கு எந்த வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (எல்.எஸ்.டி.) பொருந்தும்? ஏறத்தாழ 90 ஆண்டுகளாக விடை தேடப்படும் கேள்வி இது. விடைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன, ஒன்றும் நிலைத்தபாடில்லை. சாட்சிக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற ஒரு கார் போதும். 1989-இல் அது அறிமுகமானபோது அதற்குக் கிடைத்தது திரவத்தின் தடையால் பூட்டும் விஸ்கஸ் வகை. சில ஆண்டுகளில் 1.8 லிட்டர் எஞ்சின் வந்ததும் சாய்பல் கியர்களால் பூட்டும் டார்சனுக்கு மாறியது. 2005-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் கூம்பு வடிவ உராய்வுப் பரப்புகள் கொண்ட ‘சூப்பர் எல்.எஸ்.டி.’ இடம்பெற்றது. 2023-இல் ஜப்பானில் அறிவிக்கப்பட்ட மாற்றத்தில், முடுக்கும்போது ஓர் அளவும் வேகம் குறையும்போது இன்னோர் அளவுமாகப் பூட்டும் சமச்சீரற்ற எல்.எஸ்.டி. வந்து சேர்ந்தது. எஞ்சின் முன்னால், இழுவை பின்னால், இருக்கை இரண்டு, எடை ஒரு டன்னை ஒட்டி என்ற அடிப்படை அமைப்பு அப்படியே இருக்க, விடை மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ஒரே நிறுவனத்தின் ஒரே காருக்கே இத்தனை விடைகள் என்றால், எந்த வகை உயர்ந்தது என்று கேட்பதில் ஏதோ பிழை இருக்கவேண்டும். வளைவில் உள்சக்கரம் எப்போது, எவ்வளவு பளு இழக்கிறது, ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தபின் டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது என்ற இரண்டையும் கொண்டு வகைகளை எடைபோடுவதே பயன்தரும் என்ற நோக்கில் இந்தக் கட்டுரை செல்கிறது.

திறந்த டிஃபரன்ஷியல் தோற்கும் இடம்

வளைவில் வெளிச்சக்கரம் கடக்கும் தூரம் அதிகம். உள்சக்கரம் கடப்பது குறைவு. இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால் டயர் தேயும், வண்டி திரும்ப மறுக்கும். பிரெஞ்சுப் பொறியாளர் ஒனேசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக 1820களின் பிற்பகுதியில் காப்புரிமை பெற்ற பல்சக்கர அமைப்பு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலலாம். முறுக்குவிசை, அதாவது டார்க், இரண்டுக்கும் சமமாகப் போகும்.

அந்தச் சமம்தான் வினை. பிடியில்லாத சக்கரத்துக்கே டார்க் முழுவதும் ஓடிவிடுகிறது என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. அது சரியன்று. வலுவிழந்த சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே மற்றதற்கும் கிடைக்கிறது. வளைவின் நடுவே உள்சக்கரம் 300 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும், வெளிச்சக்கரம் 900 வரை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். திறந்த டிஃபரன்ஷியலில் தரையில் இறங்குவது 300-ம் 300-ம், ஆக 600. வெளிச்சக்கரத்தில் மீதமிருக்கும் 600-க்கு வேலையே இல்லை. எல்.எஸ்.டி. வகைகள் எல்லாமே இந்த மீதியைப் பயன்படுத்திக்கொள்ளும் வழிகள்தான்.

இரு சக்கரங்களுக்கும் இடையே எத்தனை மடங்கு வேறுபாட்டை ஒரு டிஃபரன்ஷியல் தாங்கிப்பிடிக்கிறது என்பது டார்க் பயாஸ் விகிதம். விகிதம் 2 என்றால் மேற்சொன்ன வளைவில் 300-உடன் 600 இறங்கும். 3 என்றால் 300-உடன் 900. உராய்வுத் தட்டுகளால் பூட்டும் வகையைப் பற்றிப் பேசுவோர் இதையே பூட்டுச் சதவீதமாகச் சொல்வார்கள். 25 சதவீதப் பூட்டு ஏறத்தாழ 1.67 மடங்குக்குச் சமம். 40 சதவீதம் 2.33 மடங்கு, 50 சதவீதம் 3 மடங்கு. ஒருவர் சதவீதத்திலும் இன்னொருவர் மடங்கிலும் விலை பேசும்போது, பெரிய எண்ணாகத் தெரிவதை நம்பி வாங்கிவிடக் கூடாது.

(மஹிந்திரா தாரில் கிடைக்கும் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியலை இத்துடன் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது வேறு குடும்பம். குறைந்த வேகத்தில் ஒரு சக்கரம் வீணாய்ச் சுழலும்போது முழுவதுமாகப் பூட்டி, வண்டியைச் சேற்றிலிருந்து மீட்பதுதான் அதன் வேலை.)

தட்டு வகையும் அதன் கோணங்களும்

ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த 16 சிலிண்டர் ஆட்டோ யூனியன் பந்தயக் காரில், வேகம் மணிக்கு 160 கிலோமீட்டரை நெருங்கும்வரைகூட ஒரு பின்சக்கரம் வீணாய்ச் சுழன்றது. 1935-இல் ஜெட்எஃப் நிறுவனம் அதற்கு ஒரு தீர்வு செய்துகொடுத்தது. நகரும் கட்டைகளும் கேம்களும் கொண்ட அமைப்பு அது. சாலைக் கார்களில் இந்த எண்ணத்தைப் பரப்பியது அமெரிக்கா: 1956-இல் பேக்கார்ட், அதற்கடுத்த ஆண்டே செவ்ரோலே. உராய்வுத் தட்டுகளை வைத்துப் பூட்டும் வகை அங்கிருந்துதான் உலகமெங்கும் பெருகியது.

வேலை செய்யும் விதம் எளிது. டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் பக்கத்துக்கு ஒரு கட்டாகக் கிளட்ச் பிளேட்டுகள் இருக்கும். டார்க் ஏறும்போது நடுவிலுள்ள குறுக்குத் தண்டு சாய்வான பள்ளங்களில் ஏறி, இரு அழுத்த வளையங்களையும் விலக்கித் தள்ளும். வளையங்கள் தட்டுகளை நெருக்கும். இதற்கு மேல், ஸ்பிரிங்குகள் எந்நேரமும் சிறிது நெருக்கிக்கொண்டே இருக்கும். அதை முன்னழுத்தம் எனலாம்.

இந்த வகையை ஆதரிப்போரின் வாதம், இதில் எதையும் மாற்றிக்கொள்ளலாம் என்பது. சாய்வுக் கோணம் 45 பாகை என்றால் வலுவாகப் பூட்டும். 80 என்றால் மெல்லப் பூட்டும். 90-ஐ நெருங்கினால் பூட்டவே பூட்டாது. முடுக்கும் பக்கத்துக்கு ஒரு கோணமும் வேகம் குறையும் பக்கத்துக்கு வேறு கோணமும் வைக்கலாம். தட்டுகளைக் கூட்டலாம், குறைக்கலாம், வரிசை மாற்றலாம். உள்சக்கரம் தரையைவிட்டே எழும்பினாலும் முன்னழுத்தம் வெளிச்சக்கரத்தைக் கைவிடாது. பந்தயத்தில் இந்த வகை இன்றும் நிலைத்திருப்பதற்கு இவையே காரணம்.

ஆனால் பந்தயக் காரருக்கு வரமாக இருக்கும் அந்த நெகிழ்வு, சாலைக்காரருக்குச் சுமையாகிறது. தட்டுகள் தேயும், தேயத் தேயப் பூட்டும் தன்மை மாறும். உராய்வைச் சீராக்கும் சேர்மானம் கலந்த கியர் ஆயில் வேண்டும். அதை அடிக்கடி மாற்றவும் வேண்டும். முன்னழுத்தம் அதிகமானால், நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி நகர்த்தும்போது பின்னாலிருந்து கடகடவென்று அதிரும். கார் நிறுவனங்கள் இதை அறிந்தே அடக்கமாக இருந்தன. பிஎம்டபிள்யூ தன் முதல் எம்3-க்கு வைத்தது 25 சதவீதப் பூட்டு மட்டும்தான். பந்தய வகுப்பில் ஓட்டுவதற்கு உரிமம் வேண்டிச் செய்யப்பட்ட காரிலேயே சாலைப் பதிப்புக்கு அந்த அளவு போதும் என்று பொறியாளர்கள் கருதியதை, கடையில் இரண்டு மடங்கு கேட்பவர்கள் நினைவில் கொள்ளலாம்.

பற்களே பூட்டும்போது

தட்டு தேய்கிறது என்றால் தட்டே இல்லாமல் பூட்ட முடியுமா என்பது அடுத்த தலைமுறையின் கேள்வி. அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு டார்சனாக வளர்ந்தது. சாய்பற்கள் கொண்ட கியர்கள் டார்க் ஏறும்போது பக்கவாட்டில் தள்ளப்பட்டு, கூட்டின் சுவரோடும் வாஷர்களோடும் உரசும். அந்த உரசலே பூட்டு. 1980களின் பிற்பாதியில் ஆடி இதைத் தன் குவாட்ரோ கார்களின் நடு டிஃபரன்ஷியலாக ஏற்றபின் பெயர் பரவியது. பிரிட்டனின் குவேஃப் நிறுவனம் இதே குடும்பத்தில் இன்னொரு வடிவத்தைச் செய்கிறது. 2012-இல் வந்த டொயோட்டா 86-இன் பின்பக்கத்தில் இருந்ததும் டார்சன்தான்.

ஆதரவு வாதம் வலுவானது. சத்தமில்லை. தேய்மானம் மிகக் குறைவு. பெரும்பாலும் சாதாரண கியர் ஆயிலே போதும். டார்க் இல்லாதபோது கிட்டத்தட்டத் திறந்த டிஃபரன்ஷியல் போலவே நடந்துகொள்வதால், நகரத்தில் ஓட்டும்போது இருப்பதே தெரியாது.

குறை ஒன்றுதான், ஆனால் அடிப்படையானது. இது பெருக்கல் கணக்கில் இயங்குகிறது. உள்சக்கரத்தின் பிடி பூஜ்யமானால் எத்தனை மடங்கானாலும் விடை பூஜ்யம். இதை ஈடுகட்டச் சிறிது முன்னழுத்தம் சேர்த்த வடிவங்கள் வந்திருக்கின்றன. பிரேக்கை லேசாக மிதித்து, சுழலும் சக்கரத்துக்கு ஒரு எதிர்ப்பை உண்டாக்கும் உத்தியும் பழையதே. தட்டு வகையின் ஆதரவாளர்கள் இந்தப் பூஜ்யக் கணக்கைத் தங்கள் முதல் ஆயுதமாக வைத்திருக்கிறார்கள்.

அந்த வாதம் சாலைக் காருக்குப் பொருந்துமா என்பதில் ஐயம் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த சஸ்பென்ஷனோடு, சாலை டயரோடு ஓடும் காரில் இழுவைச் சக்கரம் தரையைவிட்டு எழும்புவது அரிது. பெரும்பாலும் அது எழும்புவது, உரிமையாளர் தடித்த ஆன்டி-ரோல் பாரைப் பொருத்திய பிறகு. பின்சக்கர இழுவைக் காரின் பின்பக்கத்தில் பாரை இறுக்கினால் உடல் சாய்வு குறையும்; கூடவே உள்சக்கரத்தின் பளுவும் குறையும். டிஃபரன்ஷியலின் குறையாகச் சொல்லப்படுவதில் ஒரு பங்கு, அதற்கு முன்பே செய்த சஸ்பென்ஷன் மாற்றத்தின் விளைவு. வாங்கும் வரிசையில் டயரும் ஸ்பிரிங்கும் பாரும் முதலில் முடிவாகி, டிஃபரன்ஷியல் கடைசியில் வருவது நல்லது.

முன்சக்கர இழுவைக் கார்களில் இந்த வகையின் வெற்றி கேள்விக்கு அப்பாற்பட்டதாகத் தெரிகிறது. 1995-இன் ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர் தொடங்கி சிவிக் டைப் ஆர் வரை சாய்பல் கியர் எல்.எஸ்.டி.தான். முன்சக்கரம் வழுக்கும்போது டார்க் வெளிச்சக்கரத்துக்குப் போனால், அது காரின் மூக்கை வளைவுக்குள் இழுக்கும். முன்சக்கர இழுவையின் தீராத நோயான அண்டர்ஸ்டீருக்கு, அதாவது வளைவில் திரும்ப மறுக்கும் போக்குக்கு, அது மருந்து. ஆனால் அதே விசை ஸ்டீயரிங் வழியாகக் கைக்கும் வரும். 2002-இன் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் குவேஃப் டிஃபரன்ஷியலோடு வந்தபோது, மேடுபள்ளச் சாலையில் ஸ்டீயரிங்கைப் பறிக்கிறது என்பதே அதன்மீது வந்த முதல் விமர்சனம். 2009-இல் அடுத்த ஆர்எஸ்ஸுக்கு ஃபோர்டு டிஃபரன்ஷியலை அப்படியே வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங் அச்சைப் பிரிக்கும் புதிய முன் சஸ்பென்ஷன் அமைப்பைக் கொடுத்தது. டிஃபரன்ஷியலை மாற்றும் முன் அதைச் சுற்றியுள்ளதைப் பார்க்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

விஸ்கஸ்

துளையிட்ட தட்டுகளுக்கு நடுவே சிலிக்கோன் திரவம். சக்கரங்களின் வேகம் வேறுபட்டால் திரவம் இழுபட்டுத் தடுக்கும். மலிவு, மென்மை, பராமரிப்பு இல்லை. ஆனால் சக்கரம் வழுக்கிய பிறகே விழித்துக்கொள்ளும். சூடேறினால் குணம் மாறும். ஆண்டுகள் போகப்போகத் திரவம் வலுவிழக்கும். மூடிய பெட்டி என்பதால் பெரும்பாலும் பழுதுபார்க்க வழியில்லை. 1990களின் ஜப்பானியக் கார் ஒன்றை இன்று வாங்குபவர், அதில் விஸ்கஸ் எல்.எஸ்.டி. இருப்பதாக ஆவணம் சொன்னாலும் திறந்த டிஃபரன்ஷியல் இருப்பதாகவே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. புதிதாகத் தேர்ந்தெடுப்போருக்கு இது இனி ஒரு போட்டியாளர் இல்லை.

பிரேக்கும் கணினியும்

எல்.எஸ்.டி.யே தேவையில்லை, பிரேக் போதும் என்ற தரப்பும் உண்டு. வழுக்கும் உள்சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்தால், திறந்த டிஃபரன்ஷியலின் சமப் பங்கீட்டு விதியே வெளிச்சக்கரத்துக்கும் டார்க்கைக் கொண்டுவரும். சக்கரம் எழும்பினாலும் இது வேலை செய்யும். 2009-இன் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ-யில் எக்ஸ்டிஎஸ் என்ற பெயரில் இது வந்தது. இன்னும் துணிச்சலான எடுத்துக்காட்டு மெக்லாரன். 2011-இன் 12சி தொடங்கிப் பத்தாண்டுகள், 600 குதிரைத்திறனை எட்டியும் தாண்டியும் சென்ற கார்களை அந்நிறுவனம் திறந்த டிஃபரன்ஷியலோடும் பிரேக் உதவியோடும் விற்றது. இந்த எண்ணத்தின் வேர் 1997-இல் அதன் ஃபார்முலா 1 காரில் இருந்த இரண்டாவது பிரேக் பெடல். 1998 தொடக்கத்தில் அது தடைசெய்யப்பட்டது.

எதிர்வாதம் வெப்பம். உள்சக்கரத்தில் பிரேக் தின்னும் டார்க்கை எஞ்சின்தான் கொடுக்கவேண்டும். அது வெறும் சூடாகவே போகும். சாலையில் சில நொடிகள் வந்துபோகும் தேவைக்கு இது தாங்கும். மலைப்பாதையில் விடாமல் ஓட்டினாலோ பந்தயத் தளத்தில் சுற்றினாலோ பிரேக் சோர்ந்துவிடும். இந்த வழியைத் தொடங்கியவர்களே பின்னர் நகர்ந்துவிட்டார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது: ஃபோக்ஸ்வாகன் 2013-இன் ஜிடிஐ பெர்ஃபார்மன்ஸ் பதிப்பில் மின்னணுவால் இயங்கும் முன் டிஃபரன்ஷியல் பூட்டைச் சேர்த்தது, மெக்லாரன் 2021-இன் ஆர்ட்டூராவில் மின்னணு டிஃபரன்ஷியலுக்கு வந்தது.

2004-இன் ஃபெராரி எஃப்430-இல் தொடங்கிப் பரவிய மின்னணு வகை, தட்டு வகையின் நெருக்கத்தைக் கணினியின் கையில் கொடுக்கிறது. நிறுத்துமிடத்தில் முழுவதும் திறந்து, வளைவின் வெளியேற்றத்தில் வேண்டிய அளவு பூட்டலாம். கொள்கையளவில் இதுவே நிறைவான விடை. நடைமுறையில் இது புதுக் காரோடு வருவது. ஓடும் காரில் பின்னர் பொருத்தும் பொருளாக எளிதில் அமையாது. ஏற்கெனவே இது உள்ள காரின் உரிமையாளர் அதை மாற்றி வேறு வகை போடுவதற்கு நியாயமான காரணம் அரிதாகவே இருக்கும்.

கால் எடுத்த பின்

எல்.எஸ்.டி. என்றாலே வளைவிலிருந்து வெளியேறும் வேகத்தைப் பற்றியே பேச்சு. வளைவுக்குள் நுழையும்போது அது செய்வது அதைவிட முக்கியமானதாக இருக்கலாம்.

பூட்டும் டிஃபரன்ஷியல் எந்த வகையானாலும் ஒரே விதி: வேகமாகச் சுழலும் பக்கத்திலிருந்து எடுத்து மெதுவாகச் சுழலும் பக்கத்துக்குக் கொடுக்கும். வளைவில் வழுக்கல் இல்லாதவரை வேகமாகச் சுழல்வது வெளிச்சக்கரம். ஆகவே டார்க் உள்ளே போகும். காரைத் திரும்பவிடாமல் நேராக்கும். முடுக்கி உள்சக்கரம் வழுக்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. இப்போது உள்சக்கரமே வேகமானது. டார்க் வெளியே போகும். பின்சக்கர இழுவைக் காரின் வால் வெளியே தள்ளப்படும். ஒரே வளைவில், ஒரே கருவி, முதலில் அண்டர்ஸ்டீரும் பிறகு ஓவர்ஸ்டீரும் தருகிறது. அந்தத் திருப்பம் எவ்வளவு படிப்படியாக நிகழ்கிறது என்பதில்தான் ஓட்டுபவரின் நம்பிக்கை இருக்கிறது.

ஆக்சிலரேட்டரை விட்டபின் எஞ்சின் பிரேக்கிங் வருகிறது. அப்போதும் பூட்டும் டிஃபரன்ஷியலை இரு வழி என்றும், முடுக்கும்போது மட்டும் பூட்டுவதை ஒரு வழி என்றும், இரண்டுக்கும் இடைப்பட்டதை ஒன்றரை வழி என்றும் தொழிலில் சொல்கிறார்கள். இரு வழி வகை வளைவு நுழைவில் காரை நிலையாக வைக்கும், ஆனால் திரும்ப இணங்காது. டிரிஃப்ட் ஓட்டுபவர்களுக்கு அந்த முரட்டுத்தனம் தேவை. ஒரு வழி வகை நுழைவில் சுதந்திரம் தரும். கால் எடுத்ததும் பின்பக்கம் லேசாகிவிடும் காரில் அந்தச் சுதந்திரமே ஆபத்து. சாலைக்கு ஒன்றரை வழி என்பது நெடுநாளைய சமரசம்: முடுக்கத்தில் அதிகப் பூட்டு, வேகம் குறையும்போது குறைந்த பூட்டு.

மாஸ்டாவின் சமச்சீரற்ற எல்.எஸ்.டி. இந்த இடத்தில்தான் சிந்திக்க வைக்கிறது. அது சமரசத்தைக் கவிழ்த்துப்போடுகிறது: வேகம் குறையும்போது பின்சக்கரங்களின் பளு குறைவதால், அந்த நேரத்தில் பூட்டை வலுப்படுத்துகிறது. லேசான, சிறிய சக்கர இடைவெளி கொண்ட சாலைக் காருக்கு வெளியேற்றத்தின் இழுவையைவிட நுழைவின் நிலைத்தன்மையே பெரிது என்ற மதிப்பீடு அதில் இருக்கிறது. ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் பந்தய வீரர்கள் இல்லை என்பதை ஒப்புக்கொண்ட மதிப்பீடும்கூட. என் பார்வையில், கடந்த பத்தாண்டில் சாலைக் கார் டிஃபரன்ஷியல் பற்றி வந்த கருத்துகளில் இது கூர்மையானது.

இதே இடத்தில் ஏபிஎஸ்ஸும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் குறுக்கிடுகின்றன. அவை ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகக் கையாளும் என்ற அனுமானத்தில் எழுதப்பட்ட நிரல்கள். வேகம் குறையும்போது வலுவாகப் பூட்டும் டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களையும் பிணைத்துவிட்டால், ஒன்றைப் பிடித்தால் மற்றதும் மெதுவாகும். ஐரோப்பாவில் 2014 இறுதியிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு கட்டாயம். அதற்குப் பிந்திய கார்களில், கடையில் வாங்கும் இரு வழித் தட்டு வகை மின்னணுவோடு எப்படி ஒத்துப்போகும் என்பது விற்பவர் உத்தரவாதம் தரும் விஷயமாக இல்லை. நிறுவனமே வலுவான பூட்டைக் கொடுக்கும்போது நிரலையும் சேர்த்து மாற்றுகிறது என்பதே வேறுபாடு.

தீர்ந்தவையும் தீராதவையும்

சில பகுதிகளில் கருத்து ஓரளவு ஒன்றுபட்டுவிட்டதாகக் கொள்ளலாம். முன்சக்கர இழுவைச் சாலைக் காருக்குச் சாய்பல் கியர் வகை. பின்சக்கர இழுவைக் கார் பெரும்பாலும் சாலையில், எப்போதாவது பந்தயத் தளத்தில் ஓடுவதென்றால் அதற்கும் அதுவே முதல் தெரிவு. தளத்துக்கே நேர்ந்துவிட்ட, தடித்த பார் பொருத்திய, டயர் வழுவழுப்பான காருக்கு மட்டும் தட்டு வகை. அதிலும் பராமரிக்கும் பட்டறை அருகில் இருந்தால்.

தீராதவை மூன்று. முதலாவது, விற்பவர் தரும் டார்க் பயாஸ் எண் தேய்ந்த டயரிலும் ஈரச் சாலையிலும் எவ்வளவு பொருள்படும் என்பது. ஒரே காரில், ஒரே டயரில் வகைகளை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்காமல் அந்த எண்ணை ஒப்பிடுவது கடினம். இரண்டாவது, வேகம் குறையும்போது எவ்வளவு பூட்டு வேண்டும் என்பது. மாஸ்டாவின் விடை மற்ற எடைகளுக்கும் மற்ற சக்கர இடைவெளிகளுக்கும் செல்லுமா என்பதற்கு இன்னும் போதிய சான்று சேரவில்லை. மூன்றாவது, மின்சாரக் கார். 2020-இன் ஆடி இ-ட்ரான் எஸ், 2021-இன் டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் ஆகியவற்றில் பின்சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு மோட்டார்கள். நடுவே டிஃபரன்ஷியலே கிடையாது. அந்த அமைப்பு மலிவாகும்வரை ஒற்றை மோட்டார் கார்களுக்குப் பழைய கேள்வி அப்படியே தொடரும்.

அதுவரை வாங்க நினைப்பவர் விலையைக் கேட்கும் முன் விற்பவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும்: வேகம் குறையும் பக்கத்தில் இது எவ்வளவு பூட்டும்? இதற்கு எந்த ஆயில், எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை? இரண்டுக்கும் எண்ணில் பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்கவேண்டாம்.